டோலியை இறக்கியவன்

கண்ணு,

உன் அப்பாவை டோலி கட்டித் தூக்கிப்போன அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். மூங்கிலில் கட்டின கம்பளிக்குள் உன் அப்பா. மூங்கிலின் முன்பக்கம் உன் சித்தப்பன் வெள்ளையன். பின்பக்கம் என் தம்பி பொன்னுசாமி. தோள் மாற்றிக்கொள்ளக் கூட வந்த கீழ் ஊட்டுக் காளியப்பன். அவன் மச்சினன் ராமன், மலையில் அந்தப் பக்கம் எடப்புளி நாட்டிலிருந்து நமக்கு மிளகு பறிக்க வந்தவன். தண்ணிச் சொம்பையும் ஒரு மாற்றுத் துணியையும் எடுத்துக்கொண்டு நான். ஆறு பேர். ஏழாவதாக யாரும் இல்லை. நீ இல்லை. நீ செம்மேட்டு ஆஸ்டலில் அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தாய். அந்த ஆறு பேரில் உன் அப்பா அன்றைக்கே போய்விட்டார். காளியப்பன் மஞ்சள் காமாலையில் போனான். ராமன் கேரளாப் பக்கம் வேலைக்குப் போனவன், இருக்கிறானா இல்லையா தெரியாது. பொன்னுசாமி போன ஐப்பசியில் போனான், நீ வந்து தோள் கொடுத்தாய். மிச்சம் ரெண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று, உன் கதையில் வருகிற கெட்டவன்.

நீ அனுப்பின தாள்கட்டு வந்து இருபது நாள் ஆகிறது. மேலே ஒரு சின்னத் தாளில், "அம்மா, இது அடுத்த மாசம் அச்சுக்குப் போகிறது, தப்பு ஏதாவது இருந்தால் சொல்லு, திருத்திவிடுகிறேன்" என்று எழுதியிருந்தாய். உன் அக்கா மகள் கவிதாதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தினம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினாள். முதல் ஒன்பது பாகமும் கேட்டுச் சிரித்தேன். சந்தையில் பலாப்பழம் விற்கிறவளை அப்படியே எழுதியிருக்கிறாய். பத்தாவது பாகம் என்று சொல்லி, "டோலி" என்று அவள் வாசித்ததும், அடுப்பில் வேலை இருக்கிறது, நிறுத்து என்றேன். அப்புறம் அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் நானே விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் மூணாங்கிளாஸ். நாலு தாளுக்கு மூன்று நாள் ஆனது.   என் எழுத்து கோணலாக இருந்தால் அந்த மூணாங்கிளாஸ்தான்.

கவிதாவிடம் சொல்லி எழுத வைத்திருக்கலாம். அவளுக்குத் தெரிந்துவிடுமே. போனில் சொல்லியிருக்கலாம். சிக்னல் கிடைக்கிற பாறை உன் சித்தப்பன் காட்டு ஓரத்தில்தான் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அங்கே நின்று சத்தமாகச் சொல்லக்கூடிய சங்கதியா இது. அதனால் அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். வெளியே ஆள் அரவம் கேட்டால் தாளை அரிசிப் பானைக்குள் வைக்கிறேன். எழுபது வயதில் திருடி மாதிரி இருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, சாமி. தை மாசம் செம்மேட்டில் பந்தல் போட்டு, நம்ம சனத்தை எல்லாம் கூப்பிட்டு, அந்த டோலி பாகத்தை நீயே நின்று படிக்கப் போவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். 

முதலில் சின்னத் திருத்தங்களைச் சொல்கிறேன். பெரியதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வர வேண்டும். நீ வெள்ளையன் என்ற பேரை எடுத்துவிட்டு ரங்கன் என்று வைத்திருக்கிறாய். இனி ஆளை யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பாய். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் அது செல்லும். இங்கே யார் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? மாமன், மச்சான், சித்தப்பன், கீழ் ஊட்டான், இதுதானே. பேர் ரேசன் கார்டில் கிடக்கிறது. ஆளை நாங்கள் அவன் வேலையை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம். ரங்கன் ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்ததும், கிளையை ஒட்ட நறுக்காமல் கணுவில் விட்டு வைத்த முதல் படியை வலது காலால் மூன்று தடவை மிதித்துப் பார்க்கிறான், அப்புறம் ஒரு தடவை அண்ணாந்து பார்க்கிறான், அப்புறம்தான் ஏறுகிறான் என்று எழுதியிருக்கிறாய். கவிதா அந்த வரியைப் படித்ததுமே, "அம்மாயி, இது சின்ன அப்புச்சி மாதிரியே இருக்குது" என்றாள், வெள்ளையனை அவள் அப்படித்தானே கூப்பிடுவாள். பதினாலு வயதுப் பிள்ளை. அவளுக்குத் தெரிந்தால் மலைக்கே தெரியும். பேரை மாற்றிவிட்டு, மிதிக்கிற காலை அப்படியே விட்டுவிட்டாய்.

அப்புறம் செருப்பு. ரங்கன் வரும்போதெல்லாம் செருப்புச் சத்தம் சரக் சரக் என்று கேட்கிறது. வெள்ளையன் இன்றைக்கு வரைக்கும் செருப்புப் போட்டதில்லை. கெட்டவன் வருகிறான் என்று படிக்கிறவனுக்குத் தெரிய ஒரு சத்தம் வேண்டும் என்று நீயாகப் போட்டுவிட்டாய். அவன் வந்தால் சத்தமே இருக்காது. அதுதான் எனக்கு இத்தனை வருசமாகப் பயம். தண்ணி எடுத்துக்கொண்டு திரும்பினால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பான். எப்போது வந்தான், எவ்வளவு நேரமாக நிற்கிறான் தெரியாது. ஒன்றும் பேச மாட்டான். மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். நீ எழுதின சத்தக்காரனைக் கண்டு நான் பயந்திருக்க மாட்டேன்.

அப்புறம் காடு. அண்ணன் பங்குக் காட்டுக்கு ஆசைப்பட்டு ரங்கன் டோலியை இறக்கினான் என்று எழுதியிருக்கிறாய். இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. நான் என்ன திட்டினாலும் அதைச் சொல்லித் திட்டினதில்லை. ரெண்டு பேருக்கும் வரப்பில் ஒரு சாண் தகராறு கிடையாது. என் மாமனார் செத்ததும் நல்ல பக்கத்தை அண்ணனுக்கு விட்டுவிட்டு, பாறை இருக்கிற பக்கத்தை அவன் எடுத்துக்கொண்டான். இவன் ஏன் இப்படிச் செய்தான் என்று நீ உட்கார்ந்து யோசித்திருக்கிறாய், காரணம் கிடைக்கவில்லை, எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒரு காரணத்தை எடுத்து வைத்துவிட்டாய். காடு என்று சொன்னால் யாரும் மறுபேச்சுக் கேட்க மாட்டார்கள். அதுதான் பயம். கேட்டவுடனே நம்புவார்கள்.

உன் கதையில் அந்த அப்பா இருக்கிறாரே, அவர் ஏணியில் நின்று பாட்டுப் பாடுகிறார். உன் அப்பா பாடி நான் கேட்டதில்லை. நல்ல மனுசன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிடிவாதக்காரர். ஒருத்தர் வேண்டாம் என்றால் அதைத்தான் செய்வார். கஞ்சியில் உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டு, உப்பைக் கொண்டு வந்து கொடுத்தால் வேண்டாம் என்று தள்ளிவிட்டு உப்பில்லாமலே குடிப்பார். செத்தவரைப் பற்றிப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லதை மட்டும் சொன்னேன். நல்லது பத்தாமல் பாட்டையும் நீ சேர்த்துக்கொண்டாய்.

அப்புறம் பாக்கியம் என்று ஒருத்தி. பாவப்பட்டவள். பத்தாவது பாகத்தில் மட்டும் ஆறு இடத்தில் அழுகிறாள். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், ரங்கன் காலில் விழுந்து, "தம்பி, தூக்குங்க, விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று அழுகிறாள்.  அவளை எனக்குத் தெரியாது, கண்ணு. எனக்கு மகனாகப் பிறந்து இத்தனை வருசம் என் வாயைக் கேட்டவன், என்னை எப்படி இப்படி எழுதினாய்? நான் யார் காலிலாவது விழுந்து நீ பார்த்திருக்கிறாயா? நான் அன்றைக்கு ஒரு சொட்டுக்கூட அழவில்லை. நான் பேசினேன். அந்தப் பேச்சுதான் உன் கதையில் இல்லை. உன் மேல் தப்பில்லை. நான் உனக்குக் கொடுக்கவில்லை.

அது மிளகுக் காலம். பனி விழுந்து, மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. உன் அப்பா ஏணியைத் தூக்கினார். வெள்ளையன் பக்கத்து மரத்தடியில் குந்தியிருந்தான். "பனி காயட்டும் அண்ணா, மூங்கில் வழுக்கும்" என்றான். உன் அப்பா, "நீ உக்காந்து காயி. நான் அதுக்குள்ள ரெண்டு மரம் முடிச்சிட்டு வாரேன்" என்றார். ராமன் சிரித்தான். நானும் சிரித்தேன். நான் கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டு அங்கேயேதான் இருந்தேன். ஏணி வெள்ளையன் வெட்டியது, அவன் புதரில் அவனே பார்த்து எடுத்த மூங்கில். அது ஒடியவில்லை. கணுப் படி பெயரவில்லை. கால்தான் வழுக்கியது, மேலிருந்து விழுந்தார். நான் என் கண்ணால் பார்த்தேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் நான் வேறு மாதிரிப் பேசப் போகிறேன்.

கம்பளியை மூங்கிலில் தொட்டில் மாதிரி கட்டி அவரைப் போட்டுத் தூக்கினார்கள். மேடு ஏறி, ஓடையைத் தாண்டி, மறுபடி மேடு ஏறினால் பஸ் ரோடு. அன்றைக்கு நம்ம ஊருக்கு ரோடு ஏது. வெள்ளையன் முன்னால் பிடித்தவன் மேடு முடிகிற வரைக்கும் தோள் மாற்றவில்லை. காளியப்பன் கேட்டும் கொடுக்கவில்லை. உன் அப்பாவுக்கு வாயோரத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நான் துடைக்கிறேன், மறுபடி வருகிறது, துடைக்கிறேன், மறுபடி வருகிறது. சேலைத் தலைப்பு சிவப்பாகிவிட்டது. அவர் என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்துகொண்டே வந்தது.  ஓடைக்கல்லில் வெள்ளையன் கால் கொஞ்சம் பிசகியது. கம்பளி ஒரு பக்கம் சாய்ந்தது. உன் அப்பா ஒரே ஒரு தடவை "அம்மா" என்றார்.

அப்போது நான் சொன்னேன். இதுவரைக்கும் இதை வாயால் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. "நீ வெட்டுன ஏணிதான் அவரைத் தள்ளுச்சு. இப்ப உன் கையும் தள்ளப் பாக்குது. உன் கை வேண்டாம். எறக்கிட்டுப் போ."

அவன் திரும்பிப் பார்த்தான். "அண்ணி" என்றான்.  பொன்னுசாமி பின்னாலிருந்து, "அக்கா, வாயை மூடு. வழி இன்னும் பாதி ஆவல" என்றான். நான் மறுபடியும், "போன்னு சொன்னேன்" என்றேன். ரெண்டு தடவை சொன்னேன், கண்ணு. முதல் தடவை சொன்னது பயத்தில் வந்தது. ரெண்டாவது தடவை சொன்னது பயத்தில் வந்ததில்லை. அதை நான் பிரித்துச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த மூணாம் நாள் நான் கிண்டின ராகிக் களியில் கட்டி இருக்கிறது என்று அவன் எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டிச் சிரித்தான். "அண்ணி, இதை மாட்டுக்கு எறிஞ்சா மாடு செத்துரும்" என்றான். பத்தொன்பது வயசுப் பையன் விளையாட்டுக்குச் சொன்னது. அத்தனை வருசமும் அந்தக் கட்டி என் நெஞ்சிலேயே இருந்தது. நீ காரணம் தேடினாயே, காடு என்று எழுதினாயே. காரணம் களி. அது அவனுடைய காரணம் இல்லை, என்னுடையது.

நம்ம வழக்கம் உனக்குத் தெரியாது. நீ ஆஸ்டலில் வளர்ந்து கீழே போய்விட்டாய். நோவாளியை எடுத்துப் போகும்போது ஊட்டுக்காரி வாயில் இருந்து, இந்தக் கை வேண்டாம் என்று வந்துவிட்டால், அந்தக் கை அப்புறம் அவரைத் தொடக் கூடாது. தொட்டால் அவருக்கு ஆகாது. சொன்ன ஊட்டுக்காரியே திரும்ப வா என்று கூப்பிட்டாலும், அவர் எழுந்து நடக்கிற வரைக்கும் தொடக் கூடாது. விலகுகிறவன் ஓடுகிற தண்ணியில் முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு, வந்த வழியிலேயே, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அவன் மூங்கிலைக் காளியப்பன் தோளுக்குக் கூட மாற்றவில்லை, நான் இறக்கு என்றுதானே சொன்னேன், அதனால் மெதுவாகக் கல்மேல் இறக்கினான். ஓடையில் கையைக் கழுவினான். போனான். நீ எழுதியிருக்கிறாய், "ரங்கன் சாவகாசமாகக் கையைக் கழுவிக்கொண்டு, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்" என்று. படிக்கிறவனுக்கு ரத்தம் கொதிக்க வேண்டும் என்றுதானே எழுதினாய்? கொதிக்கிறது. எனக்கே கொதித்தது. கழுவினது நிசம், திரும்பிப் பார்க்காதது நிசம். சாவகாசம் மட்டும் நீ போட்டது. அவன் முழங்கையில் தண்ணியை வாரி வாரி ஊற்றினபோது அந்தக் கை ஆடினதை நான் பார்த்தேன்.

மிச்சம் மூன்று பேர். ஏற்றத்தில் நாலு பேர் மாற்றித் தூக்குவதை மூன்று பேர் தூக்கினால் எப்படி இருக்கும். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். ரோட்டுக்கு வந்தபோது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பொன்னுசாமி துண்டை ஆட்டிக்கொண்டு ஓடினான். டிரைவர் பார்க்கவில்லையோ, பார்த்தும் நிறுத்தவில்லையோ. அப்புறம் கிழங்கு ஏற்றின லாரி வந்தது. மரவள்ளி மூட்டைமேல் அவரைப் படுக்க வைத்தோம். செம்மேடு வருவதற்கு முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது. நாலு பேர் இருந்திருந்தால் அந்த பஸ்ஸைப் பிடித்திருப்போமா? பிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டரிடம் கேட்டதற்கு, அதையெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றார். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு இத்தனை வருசம் படுத்து எழுந்திருக்கிறேன்.

காரியம் முடிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். "ஏம்பா எறக்குன?" என்று கேட்டார்கள். "எறக்கிட்டேனுங்க" என்றான். "யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொன்னுசாமியைக் கேட்டார்கள். என் தம்பி என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒரு பேச்சும் நடக்கலீங்க" என்றான். காளியப்பன் பலாமரத்தைப் பார்த்தான். ராமன் ஊருக்குப் போய்விட்டான். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகிறேன் என்று நினைத்து ரெண்டு பேர் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். வாய் தானாகத் திறந்துவிடுமோ என்று பொத்திக்கொண்டிருந்தேன். அவன் ஊட்டோடு ஒரு வருசம் நெருப்பு, தண்ணி கொடுக்கல் வாங்கல் இல்லை என்று சொன்னார்கள். ஒரு வருசம் முடிந்தது யாருக்கும் ஞாபகம் இல்லாமல், அது பாட்டுக்கு நீண்டது. அவன் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் ரெண்டு தடவை பாதி வழியில் திரும்பினார்கள். அதுவும் எனக்குத் தெரியும். எந்தெந்த மாசம் என்றுகூடத் தெரியும்.

நீ லீவுக்கு வந்தபோது, "ஏம்மா சித்தப்பா ஊட்டுக்குப் போகக் கூடாது?" என்று கேட்டாய். "உங்கப்பாவைத் தூக்கிட்டுப் போறப்ப பாதி வழியில எறக்கி வெச்சுட்டுப் போயிட்டான்" என்றேன். அதில் பொய் எது, சொல்லு? ஒரு வார்த்தை பொய் கிடையாது. அடுத்த வருசம் நீ மறுபடி கேட்டாய், கையைக் கழுவினதையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கடுத்த வருசம் திரும்பிப் பார்க்காததையும் சேர்த்தேன். எல்லாம் நடந்தது. நடந்ததை மட்டும்தான் சொன்னேன். என் பேச்சை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்தால், அவன் எப்படி ஆகிவிட்டான் பார். சொல்லிச் சொல்லி எனக்கே அவன் முகம் மறந்துவிட்டது. இப்போது அவனை நினைத்தால் ரங்கன்தான் வருகிறான். உன் தாளைப் படிக்கிறவரைக்கும் இது எனக்குத் தெரியவில்லை. நீ கற்பனை பண்ணி எழுதினதாக நினைத்துக்கொண்டிருப்பாய். அவனைச் செய்தது நான். நீ செருப்பு மட்டும்தான் போட்டாய்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னால் நான் ஏன் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன் என்று தெரியும். கவிதா வாசலில் தாளை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் குரல். என்னிடம் பேசமாட்டானே தவிர, பிள்ளைகளிடம் பேசுவான்.

"ஏங் கண்ணு, உங்க மாமன் புத்தகம் எழுதியிருக்கானாமே. நம்ம மலை வருதா?"

"வருது அப்புச்சி. பலா வருது, மிளகு வருது, சந்தை வருது. ஒரு கெட்டவனும் வர்றான்."

"கெட்டவன் இல்லாம கதை ஏது. அவன் எப்படிப்பட்ட ஆளு?"

"செருப்புப் போட்டிருப்பான். சரக் சரக்னு வருவான்."

அவன் சிரித்தான். "அப்ப நம்ம ஊட்டு ஆளு இல்ல. கீழ்நாட்டான். சரி, கடைசில அவனுக்கு என்ன ஆவுது?"

"இன்னும் அங்க வரல அப்புச்சி. அம்மாயி பாதில நிறுத்தச் சொல்லிருச்சு."

 நான் கொடுவாளைப் பிடித்தபடியே கதவுக்குப் பின்னால் நின்றேன்.  அப்புறம் அவன், "நெசமாத்தான் நிறுத்தச் சொன்னாளா" என்றான். கவிதா, "ஆமா அப்புச்சி, டோலின்னு ஒரு பாகம், அதை ஆரம்பிச்சதும்" என்றாள். அவன், "படிச்சு முடிச்சா எனக்கும் சொல்லு கண்ணு. எனக்கு எழுத்துத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனான். கவிதா உள்ளே வந்து, "அம்மாயி, சின்ன அப்புச்சிக்குப் படிச்சுக் காட்டட்டுமா? பாவம், ஆசையாக் கேக்குது" என்றாள். காட்டக் கூடாது என்றேன். ஏன் என்றாள். கூடாதுன்னா கூடாது என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு ராத்திரியே தாளை எல்லாம் எடுத்து என் பெட்டியில் பூட்டிவிட்டேன். பூட்டினது அவளுக்குத் தெரியும்.

அவன் தை மாசம் செம்மேட்டுக்கு வருவான். நீ கூப்பிடாவிட்டாலும் வருவான், அண்ணன் மகன் மேடையில் நிற்கிறதைப் பார்க்க. வெளியே கடைசியில் குந்தியிருப்பான். நீ மைக்கில் படிப்பாய். சனம் திரும்பி அவனைப் பார்க்கும். அவன் என்ன செய்வான் தெரியுமா? ஊர்க்கூட்டத்தில் நின்ற மாதிரியே நிற்பான். ஒன்றும் சொல்ல மாட்டான். அவன் சொல்லிவிட்டால்கூட எனக்குப் பயமில்லை. சொல்லாமல் நிற்பானே, அதை நான் இன்னொரு தடவை பார்க்க முடியாது.

நீ இனிமேலும் கதை எழுதுவாய். எனக்கு எழுத்து என்ன தெரியும். ஆனால் இதை மட்டும் கேட்டுக்கொள். ஒருத்தன் ஒன்றைச் செய்தான் என்று யாராவது உன்னிடம் சொன்னால், அதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் காதில் என்ன விழுந்தது என்று கேள். சொல்கிறவர் உன் அம்மாவாக இருந்தாலும் கேள். அம்மாவாக இருந்தால் இன்னும் ரெண்டு தடவை கேள். அவன் செய்ததற்குக் காரணம் அவனுக்குள்ளேயேதான் இருக்கும் என்று தோண்டிக்கொண்டே போகாதே. சில பேர் காரணம் பக்கத்து ஆள் வாயில் இருக்கும். ஒருத்தி அழுதாள் என்று எழுதுவதற்கு முன்னால், அவளுக்கு அழத் தெரியுமா என்று யோசி.

அந்தப் பேச்சை பாக்கியத்தின் வாயில் போடு. நான் மேலே எழுதியிருக்கிறேனே, அந்த வார்த்தையிலேயே போடு, நல்ல தமிழாக மாற்றாதே. ரெண்டாவது தடவை சொன்னதையும் போடு. பனி காயட்டும் என்று அவன் சொன்னதைப் போடு. காட்டை எடுத்துவிடு. செருப்பைக் கழற்று. அவள் காலில் விழுவதை அடித்துவிடு. இதெல்லாம் போட்டால் படிக்கிறவர்கள் பாக்கியத்தை என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பாக்கியம் யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நிமிசம் ஆகாது. ரத்தம் துடைக்கத் துடைக்க வந்ததையும், அவர் கை தளர்ந்ததையும் அதற்கு முன்னால் போட்டால் கொஞ்சம் இரக்கப்படுவார்களோ என்னவோ. போடு. ஆனால் அதை வைத்து என்னை மூடாதே.

ஊரை நினைத்து எனக்கு அவ்வளவு பயமில்லை. கவிதா ஒரு மாசம் மூஞ்சி தூக்கி வைத்துக்கொள்வாள், அப்புறம் பேசுவாள். உன்னை நினைத்துத்தான் பயம். இந்தக் கதையை நீ என் வாயில் இருந்து வாங்கி, சின்னப் பிள்ளையில் இருந்து சுமந்து, பெரியவனாகி எழுதினாய். அப்பா இல்லாத கோபத்தை எல்லாம் ஒருத்தன் மேல் வைத்து வளர்ந்தாய். இப்போது நான் அவனை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பாய்? என் மேல் வைக்கலாம். வை. ஆனால் பொங்கலுக்கு வந்துவிடு. வந்து திட்டு. வராமல் இருந்துவிடாதே. நாளைக்குச் சந்தை ஜீப்பில் நானே போய் இதைச் செம்மேட்டில் போஸ்ட் பண்ணுகிறேன். யாரிடமும் கொடுத்துவிட மாட்டேன்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு, கதையின் முடிவில் பாக்கியம் ரங்கன் ஊட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள், ரெண்டு பேரும் அழுதார்கள் என்று எழுதிவிடாதே. உனக்கு அப்படி எழுத ஆசை வரும். நான் போகவில்லை. போக மாட்டேன். பொய் சொன்ன பொன்னுசாமியை மன்னித்துவிட்டேன், எனக்குத் தம்பியாக இருந்தும் அண்ணன் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டவன். பஸ்ஸை நிறுத்தாத டிரைவரை மன்னித்துவிட்டேன். பனி காய்வதற்குள் ஏறினவரை, செத்தவர் என்பதால் மன்னித்துவிட்டேன். நான் போ என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். சொன்னால் போய்விடுவதா? பன்னிரண்டு வருசம் என் கையால் தின்றவன். என் வாய் எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியாதா? வழக்கமாவது ஒன்றாவது, அண்ணி கெடக்குறா, தூக்குங்கடா என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறியிருக்க வேண்டாமா? முழங்கை வரைக்கும் ஒழுங்காகக் கழுவிவிட்டு, நான் சொன்னபடியே, நான் சொன்னதற்காகவே, என்னை அந்த ஓடையில் விட்டுவிட்டுப் போனானே, அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். வெள்ளையனை.